நெடுந்தீவு எப்படித் தூரமாகிப் போனது

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நெடுந்தீவின் பெயர் அடிக்கடி அடிபடும், பெரும்பாலும் ஒரே செய்தியில்: நெடுந்தீவு அருகே மீன்பிடித்த இராமேஸ்வரம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது. யாழ்ப்பாணத்தில் அதே பெயரைச் சொன்னால் இளையவர்கள் குதிரை என்பார்கள், வயதானவர்கள் குமுதினிப் படகு என்பார்கள். கொழும்பிலிருந்து வருகிற சுற்றுலாப் பயணிக்கு அது ‘டெல்ப்ட்’. காலைப் படகில் போய், பெருக்குமரத்தடியில் (பயோபாப்) படம் எடுத்து, பின்னேரப் படகில் திரும்பிவிடுகிற இடம். அந்தப் பின்னேரப் படகு போன பிறகும் தீவில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிச் சீவிக்கிறார்கள், இதைவிட எத்தனையோ அதிகம் சனம் இருந்த இடம் ஏன் இப்படி வெறிச்சோடியது என்பதை அறியக் குதிரையைவிடப் படகைக் கவனிப்பது நல்லது.

முதலில் இடம். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே சிதறிக் கிடக்கிற தீவுகளில் சிலவற்றுக்கு வாகனத்திலேயே போகலாம். பண்ணைப் பாலத்தால் வேலணை, அங்கிருந்து வாணர் பாலத்தால் புங்குடுதீவு. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒடுங்கிய தார் றோட்டு. புங்குடுதீவின் மேற்குக் கரையில் குறிகட்டுவான் இறங்குதுறையோடு அந்த றோட்டு முடிந்துவிடும். அதற்கு அப்பால் எதுவானாலும் படகுதான். நயினாதீவு கண்ணுக்கு எதிரே தெரியும், கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். காற்று எதிராக நின்றால் அதற்கு மேலும் ஆகும்.

தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். தீவுப்பகுதியில் பெரியவற்றுள் ஒன்று. தட்டையான சுண்ணக்கல் தரை, குன்று என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆறு இல்லை. 2012 கணக்கெடுப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் சதுர கிலோமீட்டர் ஒன்றுக்குச் சராசரியாக 550 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். நெடுந்தீவில் அது 80 வரைதான் வரும். தனிப் பிரதேச செயலகம், தனிப் பிரதேச சபை, ஆறு கிராம அலுவலர் பிரிவுகள் எல்லாம் உண்டு. மாவட்டத்தின் கிராம அலுவலர் பிரிவு இலக்கங்கள் ஜே/01 என்று தொடங்குவதே இங்கேதான். கடதாசியில் முதல் ஊர், பயணத்தில் கடைசி ஊர்.

இந்தக் ‘கடைசி’ பழைய விஷயம் இல்லை. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் தெரியும். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாண நகரம் கடல்வழியே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மறுபக்கம் இராமேஸ்வரம் 50 கிலோமீட்டருக்குள். பாய்க்கப்பலில் போகிறவனுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாக்கு நீரிணையில் போக்குவரத்து மும்முரமாக இருந்த நூற்றாண்டுகளில் இந்தத் தீவு வழியின் நடுவே இருந்தது. கடல் றோட்டாக இருந்த காலத்தில் தீவில் இருப்பது றோட்டோரம் இருப்பது மாதிரி.

இந்தக் கடலில் எப்படிப்பட்ட போக்குவரத்து இருந்தது என்பதற்கு நயினாதீவில் ஒரு சாட்சி நிற்கிறது. நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பராக்கிரமபாகு மன்னனுடையது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வருகிற பரதேசி வணிகர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மீதி மூன்று பங்கு சொந்தக்காரனுக்கு. வேறு வணிகச் சரக்கு ஏற்றிய கலம் கெட்டால் சரிபாதி. கப்பல் உடைந்தால் பங்கு பிரிப்பது எப்படி என்று கல்லில் வெட்டி வைக்கிற அளவுக்குக் கப்பல்கள் வந்துபோயிருக்கின்றன, உடைந்தும் இருக்கின்றன. சிங்கள அரசன், தமிழ் எழுத்து, பிறநாட்டு வணிகன். இன்றைக்கு அதைப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

நெடுந்தீவிலும் அந்தக் காலத்தின் மிச்சங்கள் உண்டு. பெருக்குமரம் ஆபிரிக்காவில் பிறந்த சாதி. அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது பொதுவான கருத்து. மேற்கில் வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்கிற இடத்தில் பழைய பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள் கிடக்கின்றன. தமிழரிடையே பௌத்தம் இருந்த காலத்தை நினைவுபடுத்துகிற இடம் அது. அதை இன்றைக்கு யார் சொந்தம் கொண்டாடுவது என்ற இழுபறி வேறு கதை. பிறகு போர்த்துக்கேயர் வந்தார்கள். தீவில் மாடுகள் மேய்ந்ததைப் பார்த்து ‘பசுத்தீவு’ என்று தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வரிசையாகச் சூட்டினார்கள்: வேலணைக்கு லெய்டன், காரைநகருக்கு அம்ஸ்ரடாம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், அனலைதீவுக்கு ரொட்டடாம், நயினாதீவுக்கு ஹார்லெம், எழுவைதீவுக்கு ஹூர்ன். எல்லாம் மறைந்துபோக, டெல்ப்ட் மட்டும் அரச பதிவுகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தகவல் அனுப்பப் புறா வளர்த்த கூட்டுத் தூண் ஒன்றும் ஒல்லாந்தர் காலத்து மிச்சமாக நிற்கிறது. புறா வளர்த்தவர்களுக்கும் கடிதம் போய்ச்சேரும் பிரச்சினை இருந்திருக்கிறது போல.

சரி, தண்ணீருக்கு வருவோம். தீவில் யார் எங்கே குடியிருப்பது என்பதைப் படகுக்கு முன்பே தீர்மானித்தது தண்ணீர்.

சுண்ணக்கல் தரையில் மழை விழுந்தால் ஓடாது, இறங்கிவிடும். இறங்கின நன்னீர் கீழே ஏற்கெனவே நிறைந்திருக்கிற உப்புநீரின் மேல், காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிந்த மாதிரி, மிதந்து நிற்கும். நன்னீருக்குப் பாரம் குறைவு என்பதுதான் காரணம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் அந்தப் படை தடிக்கும். சித்திரைக்குப் பிறகு மெலியும். ஆழமில்லாத கிணறு வெட்டி, அளவாக அள்ளினால் வருஷம் முழுக்க நல்ல தண்ணி வரும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ மோட்டர் வைத்து இழுத்தாலோ கீழேயிருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஒருமுறை உவர் ஏறின கிணறு திரும்ப நல்ல தண்ணியாக இரண்டு மூன்று மாரி எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இதே விதிதான். ஆனால் சின்னத் தீவில் படை மெல்லியது, மன்னிப்புக் குறைவு. நெடுந்தீவில் சாறாப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகள் நல்ல தண்ணிக்குப் பேர்போனவை. வேறு பல இடங்களில் கிணறு இருக்கும், குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், தேத்தண்ணி வைத்தால் வாயில் வைக்க முடியாது. கோடையில் பவுசரில், அதாவது தண்ணீர் லொறியில், குடிநீர் வரும் நாளைப் பார்த்துக் குடங்களும் கலன்களும் படலை வாசலில் வரிசையாக நிற்கும். அந்த நாளில் யாரும் அடுத்த தெருவுக்கு வேலைக்குப் போக மாட்டார்கள்.

உப்பை நீக்கிக் குடிநீர் எடுக்கிற இயந்திரங்களும் தீவுப் பகுதிகளுக்கு வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், பழுதானால் திருத்த ஆள் வர வேண்டும். மூன்றும் கடைசியில் படகிலேயே போய் முடிகின்றன.

மண்ணுக்கும் இதே கதை. ஒரு வளவைக் கொத்தினால் மண்ணைவிடக் கல்தான் அதிகம் வரும். அந்த முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, பொறுக்கி எடுக்காமல் எதையும் விதைக்க முடியாது. எடுத்த கல்லை எங்கே போடுவது? எல்லையில் அடுக்கினார்கள். நெடுந்தீவின் புகழ்பெற்ற கல்வேலிகள் இப்படி உருவானவைதான். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. பெரிய கல் கீழே, சின்னக் கல் இடுக்கில், ஒன்றின் பாரம் மற்றதைப் பிடிக்க, நெஞ்சளவு உயரத்துக்கு. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் மூளையின் மடிப்புப் போன்ற பழைய பவளப் பூச்சிகளின் கோடுகள் அப்படியே தெரியும். இடுக்குகளால் காற்று புகுந்து போவதால் சோளகக் காற்று எவ்வளவு அடித்தாலும் வேலி சரியாது. குடாநாட்டில் கதியால் நட்டுக் கிடுகு கட்டி வருஷா வருஷம் வேலி அடைக்கிறோம். இங்கே ஒருமுறை அடுக்கினால் பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும். மாடு, ஆடு, குதிரை எல்லாம் அவிழ்த்துவிடப்படுகிற ஊரில் பயிரைச் சுற்றி அப்படியொரு வேலி கட்டாயம் வேண்டும்.

கமம் மழையை நம்பினது. மாரியில் கொஞ்சம் நெல், சிறுதானியம். மீதி வருஷத்துக்குப் பனை: பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல், ஓலை, மரம். பிறகு மாடும் கடலும். இந்த ஐந்தாறையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஒரு குடும்பம் ஓடும். ஒன்றை மட்டும் நம்பினவர் தீவில் நிலைத்ததில்லை.

குதிரைகளைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் வாசகர் விடமாட்டார். போர்த்துக்கேயர் காலத்தில் வந்தவை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒல்லாந்தர் வளர்த்தார்கள், பிரித்தானியர் காலத் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி வளர்ப்பை நடத்தினார், லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஆட்சி தேவையில்லை என்று விட்ட பிறகு குதிரைகள் தெற்கு வெளிகளில் தாங்களாகவே பெருகின. அவற்றைப் பார்க்கிறவர்கள் சுதந்திரம், காற்று என்று ஏதேதோ எழுதுவார்கள். கோடையில் போய்ப் பார்க்க வேண்டும். குட்டை வற்றினால் தாகத்தில் செத்து விழுகிற மிருகங்கள் அவை. தொட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைப்பது ஊர்ச்சனமும் உதவிக்கு வருகிறவர்களும்தான். 2015இல் தீவின் தெற்கில் 1,846 ஹெக்டேர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். குதிரைக்கு அது காவல், மாடு வைத்திருப்பவருக்கோ மேய்ச்சல் தரையின் மேல் இன்னொரு திணைக்களம்.

இனி, தீவு எப்படித் தூரமானது என்ற கேள்வி. மூன்று அடிகள் விழுந்தன.

முதல் அடியை அடி என்று யாரும் எண்ணவில்லை. குடாநாட்டிலிருந்து வேலணைக்கும் வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கும் கடலை மேவிப் பாதை போட்டார்கள். அந்த ஊர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் பாதை வந்ததும் வியாபாரம், பள்ளிக்கூடம், வைத்தியம் எல்லாம் பாதைப் பக்கம் திரும்பின. அதுவரை எல்லாத் தீவும் ஒரே நிலை, எல்லோருக்கும் வள்ளம். அதன் பிறகு பஸ் போகிற தீவு, படகு போகிற தீவு என்று இரண்டு சாதியாகிவிட்டது. அதே காலத்தில் வன்னியில் இரணைமடு போன்ற குளங்களை நம்பிக் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிக் களைத்த நெடுந்தீவுக் குடும்பங்கள் பல அங்கே காணி எடுத்துப் போயின. கிளிநொச்சிப் பக்கத்தில் இன்றைக்கும் நெடுந்தீவு வேரைச் சொல்லுகிற குடும்பங்களைக் காணலாம்.

இரண்டாவது அடி எல்லைக்கோடு. 1974இல் இந்தியாவும் இலங்கையும் பாக்கு நீரிணையில் கடல் எல்லை வரைந்தன, கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. நிர்வாகத்தில் அது நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்குள் வருகிறது. குடிநீர் இல்லாத, 285 ஏக்கர் அளவான, ஆளில்லாத் தீவு. வருஷத்தில் ஒருமுறை தவக்காலத்தில் அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் சனம் வருகிறது. பழைய போக்குவரத்தில் சட்டப்படி மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான் என்று சொல்லலாம். மற்ற நாட்களில் இராமேஸ்வரம் பக்கத்து ஊராக இருந்தது வெளிநாடாகிவிட்டது. நெடுந்தீவுக்காரன் நடுவழியில் நின்றவன், ஒரே வரைகோட்டில் ஓரத்துக்குப் போய்விட்டான்.

மூன்றாவது போர். கடலில் போகும் வள்ளம் எல்லாம் சந்தேகத்துக்குரியது என்றான பிறகு தீவில் வாழ்வது எப்படி? 1985 மே 15 அன்று நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. கடற்படையினர் ஏறிப் பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் புறப்பட்ட சாதாரணச் சனம். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் மாவிலித்துறையில் விளக்கேற்றுகிறார்கள். தீவுக்கு இருந்தது அந்தப் படகுப் பாதை ஒன்றுதான். வேறு ஊர்களில் ஒரு றோட்டில் கொடுமை நடந்தால் வேறு றோட்டால் போகலாம். இங்கே மறுநாளும் அதே கடலில், அதே இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வருஷங்களில் வெளியேறியவர்கள் யாழ்ப்பாணம், வன்னி, தமிழ்நாடு, பிறகு கனடா, பிரான்ஸ், லண்டன் என்று போனார்கள். 1990இல் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் இராணுவம் இறங்கிய பின் தீவுப்பகுதி ஒரு பக்கம், குடாநாடு மறுபக்கம் என்று சில வருஷங்கள் கிடந்தன. திரும்பி வராதவர்களின் வளவுகளில் கல்வேலி நிற்கிறது, உள்ளே வீடு கூரையில்லாமல் நிற்கிறது.

குமுதினி என்ற பெயரில் படகு சேவை பிறகும் தொடர்ந்தது. அதை நடத்துவது வீதி அபிவிருத்தி அதிகார சபை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அதாவது குறிகட்டுவானிலிருந்து மாவிலித்துறை வரைக்குமான கடலும் ஒரு வீதி என்று அரசு கொள்கை அளவில் ஏற்றிருக்கிறது. வடதாரகை, நெடுந்தாரகை என்ற பெயர்களில் வேறு படகுகளும், தனியார் படகுகளும் இந்த வழியில் ஓடியிருக்கின்றன. எந்த நாளில் எது ஓடும், எது பழுதாகிக் கிடக்கும் என்பது தீவில் காலையில் விசாரிக்கிற முதல் செய்தி.

குறிகட்டுவானில் ஒரு காலைப் படகு ஏற்றுவதைப் பார்த்தால் தீவின் பொருளாதாரம் முழுக்கக் கண்முன் வரும். லொறியிலிருந்து சீமெந்துப் பை இறங்கும், காஸ் சிலிண்டர் உருண்டு வரும், வெங்காயச் சாக்கு, கோழித்தீன், முட்டை அட்டை, சோடாப் பெட்டி, மீனுக்குப் போடுகிற ஐஸ். மோட்டார் சைக்கிளை இரண்டு பேர் முன்சில்லைப் பிடித்துப் பலகையில் ஏற்றி விளிம்போடு கயிறு கட்டுவார்கள். ஆசிரியைகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கீழ்த்தட்டில் இருப்பார்கள், இயந்திரத்தின் சூடும் டீசல் மணமும் அங்கேதான் அதிகம், ஆனாலும் மேலே நின்றால் சேலை நனையும். உயிர்காப்பு அங்கி கொடுத்தால் சிலர் போடுவார்கள், சிலர் அதன்மேல் இருப்பார்கள். இந்தச் சீமெந்துப் பை யாழ்ப்பாணக் கடையிலிருந்து நெடுந்தீவு வளவுக்குப் போவதற்குள் லொறிக்கு ஏற்றக் கூலி, படகுக்கு மாற்றக் கூலி, மாவிலித்துறையில் இறக்கக் கூலி, லாண்ட்மாஸ்டரில் (இருசில்லு உழவு இயந்திரம்) கொண்டுபோகக் கூலி என்று நாலு கை மாறும். அங்கே கல்வீடு கட்டுகிறவர் இரண்டு தடவை யோசிப்பது இதனால்தான். மறுபக்கம் தீவிலிருந்து மீன், நண்டு, கணவாய், கருவாடு வரும். கடைசிப் படகைத் தவறவிட்டால் மீனுக்கு ஐஸ் கரையும், விலை இறங்கும். யாழ்ப்பாணச் சந்தையில் என்ன விலை போனாலும் தீவுக் கரையில் வியாபாரி சொல்கிற விலைதான் விலை.

அரச அலுவலகமும் பாடசாலையும் படகு நேரத்துக்குத்தான் நடக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற உத்தியோகத்தர் விடியற்காலை வீட்டை விட்டு, பஸ் பிடித்து, படகு பிடித்து, கதிரையில் உட்காரும்போது நேரம் நன்றாக ஏறிவிடும். பின்னேரப் படகை நினைத்தால் மத்தியானத்துக்குப் பிறகு மனம் துறையில் இருக்கும். ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்க ஊரவர் இரண்டு நாள் வர வேண்டியிருக்கும். ஆசிரியர்களுக்கு இது அதிகஷ்டப் பிரதேசச் சேவை. குறித்த வருஷம் முடிந்ததும் மாற்றம் கேட்பார்கள், அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஒரே ஆள் ஐந்து வருஷம் தொடர்ந்து இல்லாத பாடசாலையில் பிள்ளை என்ன செய்யும்? உயர்தரம் என்று வந்ததும் பெற்றோர் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டிலோ வாடகை அறையிலோ விடுகிறார்கள். முதலில் பிள்ளை போகும், பிறகு பிள்ளைக்குச் சமைக்கத் தாய் போவார், பிறகு தங்கச்சிக்கும் அங்கேயே பள்ளிக்கூடம் பார்ப்பார்கள். குண்டு விழாத காலத்திலும் தீவு காலியாவது இந்த வழியால்தான், சத்தமில்லாமல்.

வைத்தியம் இன்னும் கடினம். தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, முதல் உதவி கிடைக்கும். அதற்கு மேலே வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. பகலில் படகு, இரவில் கடற்படையின் படகை அழைக்க வேண்டும், மிக அவசரத்தில் ஹெலிகொப்டர். வாடைக் காற்று மும்முரமாக அடிக்கிற மார்கழி இரவொன்றில் நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்பதை அங்கே எல்லா வயதான தம்பதிகளும் பேசி வைத்திருப்பார்கள். பிள்ளைப்பேறு நெருங்கினால் நாள் வருமுன்னரே கர்ப்பிணி அக்கரைக்குப் போய்விடுவார். தேர்தல் முடிந்த இரவில் வாக்குப் பெட்டியை எடுத்துப் போக ஹெலிகொப்டர் வரும். அது தீவுச் சனத்தின் பகிடிகளில் ஒன்று.

மின்சாரக் கதை கொஞ்சம் வேடிக்கையானது, உலக அரசியல் வேறு கலந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் தேசிய மின்வலையமைப்பு இல்லை. இலங்கை மின்சார சபை டீசல் இயந்திரங்களை வைத்து மின்சாரம் கொடுத்து வந்தது. டீசலும் கடல் தாண்டி வர வேண்டும். வெயிலும் காற்றும் தாராளமாக உள்ள இடத்தில் எண்ணெய் கொண்டுபோய் எரிப்பது யாருக்கும் உறுத்தும். 2021 தொடக்கத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் சூரியசக்தி, காற்று கலந்த திட்டம் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டச் சீனரா என்று இந்தியா ஆட்சேபித்தது, திட்டம் நின்றது. 2022இல் இந்தியா தானே மானியமாகச் செய்து தருவதாக உடன்பட்டது, 2024 மார்ச்சில் ஒரு பெங்களூரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்று, மின்கலச் சேமிப்பு, அவசரத்துக்கு டீசல். மானியத் தொகை ஏறத்தாழ 11 மில்லியன் டொலர். இரண்டு வல்லரசுகள் சண்டைபிடித்த இந்தத் திட்டம் யாழ்ப்பாண நகரத்தின் ஒரு மூலைக்குக்கூடப் போதாத அளவுதான். தீவில் உள்ளவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால், யார் தந்தாலும் பரவாயில்லை, 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நாங்கள் பட்ட பாட்டுக்கு எதுவும் நல்லது என்று சொல்லியிருப்பார்கள். அந்த வருஷம் டீசல் இல்லாவிட்டால் விளக்கும் இல்லை, படகும் இல்லை, மீன்பிடியும் இல்லை என்ற நிலை.

கடல்தொழிலைப் பற்றி நெடுந்தீவு மீனவரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், தமிழ்நாட்டு வாசகருக்கு அது குறைவாகவே கேட்கிறது. போர்க்காலம் முழுக்க இவர்களுக்குக் கடலில் தடை. எதிர்க்கரையில் இழுவைப் படகுகள் பெருகின காலமும் அதுதான். தடை நீங்கி இவர்கள் சின்னக் கண்ணாடியிழைப் படகில் வலை விரித்தால், இரவில் இழுவை மடி வந்து வலையையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். கடனுக்கு வாங்கிய வலை அது. இலங்கை 2017இல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. கைதும் படகுப் பறிமுதலும் நடக்கின்றன, ஆனால் அறுந்த வலைக்கு நட்டஈடு கேட்க யாரிடம் போவது என்று கேட்டால் பதில் இல்லை. அங்கே பிடிபட்டு வழக்குக்கு நிற்கிறவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்த ஏழைத் தமிழர்கள் என்பதும் நெடுந்தீவு மீனவருக்குத் தெரியும். கோபமும் பரிதாபமும் ஒரே வாயில் வரும். இதைத் தமிழர் ஒற்றுமைப் பேச்சால் மூடிவிடுகிறவர்களுக்கு அறுந்த வலையின் விலை தெரியாது என்பது என் எண்ணம்.

வெளிநாட்டில் உள்ள நெடுந்தீவார் ஒன்றியங்கள் வைத்துப் பாடசாலைக்கும் கோயிலுக்கும் பணம் அனுப்புகிறார்கள். திருவிழாக் காலத்தில் படகு நிறைய வருகிறார்கள், வளவைத் துப்புரவாக்குகிறார்கள், கிணற்றை இறைக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். ஒரு சிலர் வீட்டைத் திருத்திப் பூட்டி வைக்கிறார்கள். நிரந்தரமாகத் திரும்பியவர் அரிது, வயதான காலத்தில் வைத்தியத்தை நினைத்தால் துணிவு வராது. பணத்தால் கோபுரம் எழும்புகிறது, இரவுப் படகு வரவில்லை. ஒன்றியங்கள் கோபுரத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை ஆசிரியர் விடுதிக்குக் கொடுத்தால், தங்கி நின்று படிப்பிக்கிறவர் நாலு பேராவது கூடுவார்கள்.

சுற்றுலா இப்போது கொஞ்சம் காசைக் கொண்டுவருகிறது. மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரரும் சின்ன லொறிக்காரரும் வருவார்கள், அரை நாளில் பெருக்குமரம், புறாக்கூடு, கோட்டை, வளர்கிறது என்று ஊரார் சொல்கிற கல், குதிரை வெளி எல்லாம் காட்டிப் படகுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். சாப்பாட்டுக் கடையில் ஒரு வேளைச் சோறு, ஒரு சோடா, அவ்வளவுதான் தீவில் மிஞ்சும். தங்கினால் கதை மாறும். ஒரு சில தங்குமிடங்கள் உண்டு, பெரிய வசதி எதிர்பார்க்கக் கூடாது. போகிறவர்கள் இரண்டு விஷயம் செய்யலாம். குடிதண்ணியைக் கையோடு கொண்டுபோகலாம், வெற்றுப் போத்தலைத் திரும்பக் கொண்டுவரலாம், தீவில் குப்பை அள்ளிக் கொட்ட இடமில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், எத்தனை பேர் என்பதோடு. மீன் அங்கே கிடைக்கும். மரக்கறியும் கோழியும் அன்றைக்குக் காலைப் படகில் வர வேண்டும், படகு ஓடாத நாள் என்றால் மீனும் பருப்பும்தான்.